சார்ஜ் போடாமல் ஏறிய முள்

புனேயின் ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் மூன்றாவது மாடியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் இருந்தது. கடலுக்கும் அதற்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம், நடுவில் ஒரு மலைத்தொடர் வேறு. இரண்டாவது மாடியில் கேன்டீன் என்பதால், எண்பது மீட்டர் ஆழத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும்போதும் வடாபாவுக்கு வடை பொரிகிற வாசனை கப்பலுக்குள் வந்துவிடும்.

நிஜக் கப்பல் இல்லை, பயிற்சிக் கப்பல். ஒரு பெரிய ஹாலுக்குள் இரும்புத் தகட்டால் வளைத்துக் கட்டிய இன்னொரு அறை. உள்ளே சிவப்பு விளக்கு, திரைகள், விசைகள், சுக்கான் பிடிக்க ஓர் இருக்கை. கடற்படையின் புது ஆட்கள் நிஜக் கப்பலில் ஏறுவதற்கு முன்னால் இதில் உட்கார்ந்து தப்புச் செய்து பழக வேண்டும். கடலுக்கடியில் தப்புச் செய்தால் திரும்பி வருவது நிச்சயமில்லை. இங்கே தப்புச் செய்தால் கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இந்தக் கப்பலின் பேட்டரி நாஸியாவுடையது. இருபத்தாறு வயது, பிறந்து வளர்ந்தது எல்லாம் புனே. வீட்டில் மேலப்பாளையத்துத் தமிழ், வெளியில் இந்தியும் மராத்தியும், ஆபீஸில் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கிய ஒரு சாம்பார். கப்பல் எந்த வேகத்தில் போனால் மின்சாரம் எவ்வளவு கரையும் என்று கணக்கிடும் புரோகிராமைத்தான் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். டீமில் மற்றவர்கள் டார்பிடோ, சோனார் என்று பெரிய மனிதர்களாக உலவினார்கள். கல்யாண வீட்டில் ஜெனரேட்டர்காரரை யார் கவனிக்கிறார்கள்? விளக்கு அணைந்தால்தான் தேடுவார்கள். நாஸியாவின் நிலைமையும் அதுதான்.

ஆனால் டீசல் நீர்மூழ்கிக் கப்பலின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், தண்ணீருக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் கப்பல் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒரு குழாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் காற்றை உறிஞ்சி, எஞ்சினை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். குழாயை இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டால், மோட்டார் சுற்றுவதிலிருந்து சோறு பொங்குவது வரை எல்லாம் பேட்டரியில்தான். ஒவ்வொரு செல்லும் ஓர் ஆளின் நெஞ்சுயரம், அரை டன் எடை, அப்படி நானூறுக்கு மேல். இத்தனையைச் சுமந்துகொண்டும் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடும். சைக்கிள் மிதிக்கிற வேகத்தில் போனால் மூன்று நாள் தாங்கும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் செலவு எட்டு மடங்காகிற கடல் அது.

மேலே வந்து குழாயை நீட்டினால் எதிரி பார்த்துவிடுவான், எஞ்சின் சத்தத்தையும் கேட்டுவிடுவான். நீட்டாமலே இருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். கப்பலின் தலைவர் ஒவ்வொரு நிமிடமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ வேண்டும். காற்றே இல்லாமல் மின்சாரம் தயாரிக்கிற புதிய ஏற்பாடுகள் சில கப்பல்களில் உண்டு. ஹிஞ்சேவாடிக் கப்பலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எல்லோரும் பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்தார்கள். குழாயைத் திறந்தால் குறையும், மூடினால் நிற்கும், அவ்வளவுதான் என்று. நாஸியாவின் பேட்டரி அப்படி இல்லை. தடதடவென்று மின்சாரத்தை உருவினால், ஈயத் தகடுகளை ஒட்டியிருக்கிற அமிலம் சத்திழந்து போகும். தள்ளியிருக்கிற நல்ல அமிலம் உள்ளே ஊறி வர நேரம் பிடிக்கும். அதற்குள் மிச்சத்தைக் காட்டும் முள் கீழே விழுந்து, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லும். சும்மா விட்டுவைத்தால் அமிலம் மெதுவாக ஊறும், முள்ளும் தானாகக் கொஞ்சம் எழுந்து நிற்கும்.

இந்த எழுந்து நிற்பதுதான் வம்பாகிவிட்டது. ஆபீஸில் அதை யாரும் பார்த்ததே இல்லை, ஏனென்றால் யாருக்கும் காத்திருக்க நேரமில்லை. ஆறு பத்துக்குக் கம்பெனி கேப் கிளம்பிவிடும். அதை விட்டால் ஹிஞ்சேவாடி நெரிசலில் வீடு போய்ச் சேர்வதற்குள் அடுத்த நாள் கேப் வந்துவிடும் என்று சொல்வார்கள். அதனால் எல்லோரும் கப்பலை விரட்டு விரட்டென்று ஓட்டி, பேட்டரி தீர்ந்ததும் அணைத்துவிட்டு ஓடுவார்கள். ஒரே ஒரு நாள், சோதனை செய்கிற சபரி கப்பலை அணைக்காமல் யாரோ ஒருவருடைய பிறந்தநாள் கேக் வெட்டப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் நூற்றுக்கு எட்டில் விட்டுப் போன முள் பதினாறில் நிற்கிறது. வாயில் கேக்கோடு பழுதுப் பதிவேட்டில் எழுதினான்: "டீசல் எஞ்சின் ஓடவில்லை. சார்ஜ் போடவில்லை. பேட்டரி தானாக ஏறுகிறது."

"இது பழுதில்லை" என்று நாஸியா அந்தப் பதிவை மூடினாள். புராஜெக்ட் மேனேஜர் ராம்பிரசாத் திறந்தார். அவள் மூடினாள், அவர் திறந்தார். நாலு முறை நடந்தது இந்தக் கதவு விளையாட்டு.

கடற்படை ஆட்கள் கப்பலைப் பார்த்து ஏற்றுக்கொள்ளவோ தள்ளிவிடவோ ஒரு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அன்று காலை பத்தரை மணிக்கு ராம்பிரசாத் நாஸியாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோச்சுக்காத. சார்ஜ் இல்லன்னா முள் ஏறக்கூடாதுன்னு ஒரு வரி போடச் சொல்லி நேத்து சாயங்காலம் சபரிகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்குக் காலைல சிஸ்டம லாக் பண்ணியாச்சு, இனிமே யாரும் தொட முடியாது."

"ராம், அது என்னோட மாடல். என்கிட்டக்கூட கேக்கலயா?"

"நாலு தடவை கேட்டேனே. நேவிக்காரங்க முன்னாடி முள்ளு பேய் மாதிரி தானா ஏறினா மானம் போயிடும். பாரு, இன்னிக்கு இது பாஸ் ஆகலன்னா உன்னோடத எடுத்துட்டு, முன்னாடி இருந்த பழைய பேட்டரிக்கே திரும்பிடுவோம். உன்னை டெலிவரி ஆப் டீமுக்கு மாத்தச் சொல்லி மேலேர்ந்து சொல்லிட்டாங்க. நானும் எத்தனை நாள்தான் தடுக்கிறது?"

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாஸியாவுக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. இரண்டு வருஷம் ஈயத்தோடும் அமிலத்தோடும் குடித்தனம் நடத்திவிட்டு, பிட்ஸா பையன் எந்தச் சந்தில் திரும்புகிறான் என்று பார்க்கப் போக வேண்டும். அதைவிட, அவளுடைய பேட்டரியை ஒரே வரியில் தொட்டியாக்கிவிட்டார்கள் என்பதுதான் அவளைக் குடைந்தது.

கமாண்டர் அருணாச்சலம் பதினோரு மணிக்கு வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. நிஜ நீர்மூழ்கிகளில் பதினெட்டு வருஷம் இருந்தவர், அதனாலோ என்னவோ வாசலில் நுழையும்போது தேவையில்லாமலே தலையைக் குனிந்து நுழைந்தார். கையில் கம்பெனி முன்கூட்டியே அனுப்பியிருந்த பேப்பர் கட்டு. ஒரு பக்கத்தின் மூலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ராம்பிரசாத் காட்டிய ஸ்லைடுகளை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"பேட்டரிய எழுதினது யாரு?" என்று தமிழில் கேட்டார்.

நாஸியா பாதிக் கையைத் தூக்கினாள்.

"நல்லது. இன்னிக்கு நீங்கதான் கேப்டன். நான் மேல கப்பல்லயும் ஹெலிகாப்டர்லயும் உங்களைத் தேடுறேன். நாப்பத்தெட்டு மைல் தள்ளி ஒரு கோடு. பன்னெண்டு மணி நேரத்துல, என்கிட்ட மாட்டாம அதைத் தாண்டணும். அஞ்சு நிமிஷத்த ஒரு மணி நேரமா ஓட விடுவோம்."

"சார், நான் கேப்டனா இருந்ததே இல்ல. எனக்கு நம்பர்தான் தெரியும்."

"உங்க நம்பர் ஓடுமான்னு பார்க்கத்தானே வந்திருக்கேன். அப்புறம், பேட்டரி ஃபுல்லா எல்லாம் தரமாட்டேன். நாப்பத்தஞ்சுல ஆரம்பிங்க. அஞ்சுக்குக் கீழ போனா நீங்க மேல வந்தாகணும், ஆட்டம் முடிஞ்சுது."

உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? நாஸியா கப்பலுக்குள் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். சுக்கானில் ப்ரீத்தி, கோயம்புத்தூர்ப் பெண், சோனார் எழுதியவள். பேட்டரிப் பலகையில் சபரி. ராம்பிரசாத் கதவோரம் கைகட்டி நின்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கமாண்டர் தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கடிகாரத்தை ஓட விட்டார்.

முதல் இரண்டு மணி நேரம், அதாவது பத்து நிமிடம், எல்லாம் அழகாகப் போனது. நாலு நாட் வேகம், அதாவது மணிக்கு நாலு கடல் மைல், அறுபது மீட்டர் ஆழம், ஸ்பீக்கரில் கடலின் மெல்லிய இரைச்சல். எட்டு மைல் தாண்டியாயிற்று. முள் நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டுக்குத்தான் வந்திருந்தது. இப்படியே போயிருந்தால் கோட்டைத் தாண்டி மதியச் சாப்பாட்டுக்கும் போயிருக்கலாம்.

ஆனால் பேட்டரியை எழுதியவளுக்கு முள் பாதிக்குக் கீழே நின்றால் கை அரிக்கும். அந்த அரிப்பில் நாஸியா ஒரு தப்புச் செய்தாள்.

"ப்ரீத்தி, மேல போலாம். குழாயை நீட்டிக் கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கலாம்."

"எதுக்குங்க? இருக்கறதே போதும்ங்களே."

"அம்பதுக்கு மேல இருந்தா நிம்மதியா இருக்கும். அரே, பத்து நிமிஷம்தான்."

மேலே போனார்கள். எஞ்சின் கடகடவென்று ஓட, முள் ஏற ஏற நாஸியாவின் முகம் மலர்ந்தது. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு. ஐம்பதைத் தொட்ட நேரத்தில் எச்சரிக்கை விளக்கு மினுங்கியது. ஹெலிகாப்டர் ரேடார். தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த அந்த ஒற்றைக் குழாயை எட்டு மைல் தொலைவிலிருந்து கமாண்டர் பார்த்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்த மாதிரி இருந்தது.

"கீழ, கீழ. குழாயை இழு. ஃபுல் ஸ்பீட்."

அறை முன்பக்கமாகச் சரிந்தது. அடியிலிருந்த இயந்திரங்கள் நிஜமாகவே அதைச் சாய்த்தன, சபரியின் தண்ணீர் பாட்டில் உருண்டு ராம்பிரசாத்தின் காலில் மோதியது. வேகம் பன்னிரண்டு, பதினாறு, பத்தொன்பது. நாஸியாவுக்குப் பயம் பாதி, குஷி பாதி. இத்தனை நாள் எண்களாகவே பார்த்தது இப்போது காலுக்கடியில் உறுமுகிறது. பின்னால் எங்கோ ஹெலிகாப்டர் தண்ணீருக்குள் இறக்கிய, ஒலியை அனுப்பித் துழாவும் சோனாரின் 'டிங்' சத்தம். இன்னொரு 'டிங்', இந்த முறை கொஞ்சம் தள்ளி.

"நாப்பது," என்றான் சபரி. "முப்பத்தி ரெண்டு. இருபத்தஞ்சு. நாஸியா, முள்ளு இறங்கல, விழுது."

"இன்னும் கொஞ்சம்."

"பதினாறு."

"இன்னும் ஒரே ஒரு..."

"ஒம்போது."

"நிறுத்து."

மோட்டார் அடங்கியது. அரை மணி நேர ஓட்டத்தில் ஐம்பது ஒன்பதாகிவிட்டது. அவளே எழுதிய கணக்கு, ஒரு புள்ளி பிசகவில்லை. கமாண்டரின் சோனாரிலிருந்து விலகியாயிற்று, ஆனால் கோட்டுக்கு இன்னும் இருபத்தேழு மைல். ஐந்துக்கு மேலே மிச்சம் இருப்பது நாலே நாலு. ஊர்ந்து போனால் மூன்று மணி நேரம் வரும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு மைல்தான் முடியும்.

கமாண்டருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். திரையில் அவருடைய கப்பலும் ஹெலிகாப்டரும் ஓடிவந்து, அவர்களைச் சுற்றிப் பன்னிரண்டு மைலில் ஒரு வட்டம் போட்டுக் காவல் நின்றன. எலி எப்படியும் வெளியே வந்துதான் தீரும் என்று பூனை வளை வாசலில் உட்கார்ந்துவிட்டது.

"இப்ப என்ன பண்றதுங்க?" ப்ரீத்தியின் குரல் தாழ்ந்திருந்தது.

நாஸியா முள்ளைப் பார்த்தாள். எல்லாம் அவளுடைய பேராசை. எட்டுப் புள்ளிக்கு ஆசைப்பட்டு நாற்பது புள்ளியைத் தொலைத்தாயிற்று.

"அடியில எவ்வளவு ஆழம்?"

"எண்பது மீட்டருங்க. சேறு."

"மெதுவா இறக்கி உக்கார வை. மோட்டார் வேண்டாம். காத்தாடி, விளக்கு, எது எது வேண்டாமோ எல்லாத்தையும் அணைச்சுடு."

கப்பல் ஒரு சின்ன அதிர்ச்சியோடு சேற்றில் அமர்ந்தது. சிவப்பு விளக்கும் பாதியாகக் குறைந்தது. வேறு வழி தோன்றாததால்தான் அவள் அப்படிச் செய்தாள், யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று. உட்கார்ந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

கோந்த்வாவில் அவளுடைய வாப்பா நஜிமுதீனின் மசாலாக் கடை. புனேயில் பல ஏரியாக்களில் பராமரிப்பு என்று சொல்லி வியாழக்கிழமை தவறாமல் கரண்டை நிறுத்துவார்கள். கல்யாணப் பிரியாணிக்கு மசாலா கேட்டு ஆள் வந்து நின்றால், வாப்பா பொறுக்காமல் மிக்ஸியை இன்வெர்ட்டரில் மாட்டிவிடுவார். ஐந்தே நிமிடம், இன்வெர்ட்டர் கீய்ங் கீய்ங் என்று அழுதுவிட்டு அணைந்துபோகும். வாப்பா அதைத் திட்டி, கம்பெனிக்காரனைத் திட்டி, கடைசியில் கை ஓய்ந்து நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அரை மணி கழித்து விசையைப் போட்டால், செத்துப்போன அதே பேட்டரியில் ஒரு ட்யூப் லைட்டும் மின்விசிறியும் இரண்டு மணி நேரம் ஓடும். 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா' என்று உம்மா வாப்பாவை இடித்துக்காட்டுவாள். ஏழாம் வகுப்பில் நாஸியா கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த நிமிடங்களைக் குறித்து வைத்தாள். கல்லூரியில் அதற்குக் காரணம் படித்தாள். கம்பெனியில் அதையே எழுதினாள்.

எழுதி என்ன? நேற்றுச் சாயங்காலம் அதை ஒரு வரி போட்டு அடைத்துவிட்டார்களே.

முள் ஒன்பதிலேயே நின்றது. கப்பல் கடிகாரத்தில் அரை மணி நேரம் கடந்தது. ஒன்பது. விளக்குச் செலவுக்கு ஒரு நூல் குறைந்தமாதிரிகூட இருந்தது. நாஸியா நாற்காலியை நகர்த்தி, சபரியின் காதோரம் குனிந்தாள்.

"சபரி. நேத்து அந்த வரியப் போட்டியா?"

சபரி ராம்பிரசாத் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"போடத்தான் உக்காந்தேன்."

"போட்டியா இல்லயா?"

"மணி ஆறு அஞ்சு ஆயிடுச்சு நாஸியா. கேப் போயிடும்னு ஓடிட்டேன். காலைல வந்து போட்டுக்கலாம்னு நினைச்சேன். வந்து பார்த்தா லாக் பண்ணிட்டாங்க. ராம் சார்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

நாஸியா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷத்தில் ஹிஞ்சேவாடி டிராஃபிக்கை ஒருவர் மனதார வாழ்த்தியது அதுவே முதல் தடவையாக இருக்கும். அந்த கேப் டிரைவர் எதிரில் நின்றிருந்தால் அவர் காலைத் தொட்டிருப்பாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள். குரல் மாறிவிட்டது. "பஸ், போதும், சும்மா இருங்க."

சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. ஒரு மணி நேரம் கடந்தது. முள் ஒன்பதரை. அவள் இமைக்காமல் பார்த்தாள். பத்து. ப்ரீத்தி மெதுவாக "ஏறுதுங்க" என்றாள். பதினொன்று. கதவோரம் நின்ற ராம்பிரசாத் ஓரடி முன்னால் வந்து முள்ளைப் பார்த்தார், சபரியைப் பார்த்தார், அவர் முகம் வெளுத்தது. சபரி தன் காலடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மேலே ப்ரொப்பெல்லர் சத்தம். பொறுமையிழந்த கமாண்டர் கப்பலை வட்டத்துக்கு நடுவே கொண்டுவந்துவிட்டார். 'டிங்' சத்தம் ஒவ்வொன்றும் மண்டையில் சுத்தியல் போட்டது. அது நெருங்கியது, தலைக்கு நேர் மேலே வந்தது. சேற்றில் உட்கார்ந்திருக்கும் கப்பலைச் சோனாரில் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. ஆனால் கமாண்டர் கையில் இருந்தது ப்ரீத்தி எழுதிய கெட்டிக்காரச் சோனார். ப்ரீத்தியே தன் வேலையைச் சபித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மோட்டாரைப் போட்டு ஓடிவிட நாஸியாவின் கை துடித்தது. விரல்களைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சத்தம் தள்ளிப் போனது. இன்னும் தள்ளிப் போனது. பிறகு திரையில் கமாண்டரின் கப்பல் மேற்குப் பக்கம் திரும்பி, விறுவிறுவென்று விலகியது. ஹெலிகாப்டரும் அதன் பின்னால் போனது. ஆறாவது மணி நேரம் பாதி கடந்தபோது முள் பத்தொன்பதில் நின்றது.

"இப்ப," என்றாள் நாஸியா. "நாலரை நாட். அதுக்கு மேல அரை நாட்கூட வேண்டாம்."

கப்பல் சேற்றிலிருந்து எழுந்து, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் நகர்ந்தது. ஆறு மணி நேரம், அதாவது அரை மணி நேரம், இப்படியே ஊர்ந்தது. கேன்டீனிலிருந்து வந்த வடை வாசனை மட்டும் எல்லோரோடும் பயணம் செய்தது. பதினாறு. பதிமூன்று. ஒருமுறை ஹெலிகாப்டர் திரும்பி வந்து பத்து மைலுக்கு அப்பால் தேடிவிட்டுப் போனது. குழாய்தான் வெளியே இல்லையே, அது எதைப் பார்க்கும்? பத்து. எட்டு. கோட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது ஏழு. சபரி பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். திரையில் பச்சைக் கோடு நெருங்கி வந்து, கப்பலின் மூக்கைத் தொட்டு, பின்னால் போனது.

முள் ஆறில் நின்றது. கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் மிச்சம்.

ப்ரீத்தி சுக்கானை விட்டுவிட்டு நாஸியாவைக் கட்டிப்பிடித்தாள். சபரி இருவர் முதுகிலும் அறைந்தான். நாஸியாவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வெற்றிகூடப் பெரிதில்லை, தன் பேட்டரி உயிரோடு இருக்கிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கமாண்டர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் அதே பேப்பர் கட்டு. முகத்தில் சிரிப்பு இல்லை.

"கோட்டுக்கு முன்னாடியே சார்ஜ் தீர்ந்து நீங்க மேல வந்திருக்கணும். வரல. கிழக்க கோடு வரைக்கும் போக சார்ஜ் இல்ல, அப்ப மேற்க ஆழத்துல போய்க் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சு அங்க போனேன். எங்க இருந்தீங்க?"

"நீங்க தேடின இடத்துலயே சார். உங்க காலுக்குக் கீழ."

"சார்ஜ்?"

"அது..." நாஸியா ராம்பிரசாத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ரெஸ்ட் குடுத்தேன் சார். ஒம்போதுலேர்ந்து பத்தொம்போதுக்கு வந்துச்சு."

கமாண்டர் மூலை மடித்த பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். சரிசெய்யப்பட்ட பழுதுகளின் பட்டியல். பதினேழாவது வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். 'பேட்டரி தானாக ஏறும் பழுது நீக்கப்பட்டது.' சபரி போடாத வரியை, போட்டதாகவே நினைத்து ராம்பிரசாத் நேற்று இரவே எழுதி அனுப்பியிருந்தார்.

"இதைப் படிச்சதும் எனக்குத் தலை சுத்திடுச்சு," என்றார் கமாண்டர். "இந்தப் பேட்டரியில பழகினவன் நிஜக் கப்பலுக்கு வந்தா என்ன பண்ணுவான்? முள்ளு ஒம்போதைக் காட்டினதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு பதறி, எதிரி காத்துக்கிட்டிருக்கிற இடத்துல மேல வந்து நிப்பான். வேண்டாம்னு சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன். பேட்டரி எழுதினவங்களையே உள்ள உக்கார வச்சு, அவங்க வாயாலயே ஒத்துக்க வைக்கணும்னு நினைச்சேன். உங்க பேப்பர நம்பி நான் கணக்குப் போட்டேன், அதனாலதான் தோத்தேன். இதைப் பழுதுன்னு எழுதினது யாரு?"

சபரி பாதி எழுந்தான். அதற்குள் ராம்பிரசாத் முன்னால் வந்தார்.

"நான்தான் சார். அவங்க நாலு தடவை சொன்னாங்க, நான்தான் கேக்கல." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேஜை மேல் குனிந்து, பதினேழாவது வரியை அடித்தார். ஒரு முறை அடித்தது போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு முறையும் அடித்தார். பிறகு நாஸியாவிடம் திரும்பி, "சாரி," என்றார். "அந்த டெலிவரி ஆப் விஷயத்த மறந்துடு. மேல நான் பேசிக்கறேன்."

கமாண்டர் பேப்பரை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப இதை எடுத்துக்கறோம். ஆனா ஒண்ணு மேடம், நாப்பத்திரண்டு இருக்கும்போது எதுக்கு மேல வந்தீங்க?"

"பேராசை சார்."

"எல்லா கேப்டனும் முதல் தடவை அதைத்தான் செய்வாங்க," என்று சொல்லிவிட்டு, உயரமான கதவில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

நாஸியா மாடிப்படியில் உட்கார்ந்து வாப்பாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பின்னணியில் கீய்ங் கீய்ங் என்று ஏதோ அழுதது.

"என்னம்மா, கப்பலு ஓடுச்சா?"

"ஓடல வாப்பா. கீழ போய்ச் சும்மா உக்காந்துச்சு. அதுனாலதான் ஜெயிச்சேன்."

"சும்மா உக்காந்தா ஜெயிப்பு குடுக்காங்களா? நல்ல கம்பெனிதான்," என்றார் நஜிமுதீன். "இங்க காலையிலேருந்து கரண்ட் இல்ல. வஹாப் வீட்டுக் கல்யாணத்துக்கு மசாலா கேட்டு வந்து நிக்கான். மிக்ஸியப் போட்டேன், இன்வெர்ட்டர் செத்துப்போச்சு. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்."

"தூக்கிப் போடாதீங்க வாப்பா. அது சாகல," என்றாள் நாஸியா. "மிக்ஸிய கழட்டிட்டு, வஹாப் மாமாவுக்கு ஒரு சாயா வாங்கிக் குடுங்க. அரை மணி நேரம் அதைத் தொடாதீங்க."